வீலும் பளபளக்கட்டும், கண்ணும் பத்திரமா இருக்கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வெச்சிருக்கறவங்க, வாட்டர் சர்வீஸ் கடை நடத்துறவங்க, அங்க வேலை பார்க்கிற தம்பிகள், அந்தத் தம்பிகளோட அம்மா அப்பா எல்லாரும் கடைசி வரை படிச்சிடுங்க.

"அலாய் வீல் பாலிஷுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்க்கிற எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு, தண்ணி வழிய வழிய ஒரு பையன் வந்து நிற்பான். "மத்தியானம் மெஷின் ஓட்டும்போது ஏதோ பட்டுச்சு சார். அப்போ ஒண்ணும் பெருசா தெரியல. இப்போ தூங்கவே முடியல." வெல்டிங் பட்டறை, கிரில் பட்டறை, லேத் பட்டறை, வீல் பாலிஷ் என்று இடம்தான் மாறும். வசனம் மாறாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்.

டிரில் மெஷின்ல பஞ்சு மாட்டி வீலை பாலிஷ் பண்றது தப்பே இல்லை. ஒழுங்கா செஞ்சா அது நல்ல முறைதான். ஆனா கண்ணுக்குக் கவசம் இல்லாம அதைச் செய்யக்கூடாது. அந்தக் கவசத்தை வாங்கித் தர்ற பொறுப்பு மெஷினைப் பிடிக்கிற பையனோடது இல்லை. பளபளப்புக்குக் காசு வாங்குறவருக்கும் காசு கொடுக்கிற நமக்கும்தான் அந்தப் பொறுப்பு.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*1. வீல்ல முதல்ல என்ன இருக்குன்னு பாருங்க*

"மேக் வீல்" என்று இன்னமும் சொல்றோம். மக்னீசியத்துல வீல் செஞ்ச காலத்துப் பெயர் அது. இன்றைக்கு நம்ம கார்கள்ல வர்றது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதுலயும் கம்பெனியில இருந்து வர்ற பெரும்பாலான வீலுக்கு மேல பெயின்ட்டும், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட்டும் இருக்கும்.

மெட்டல் பாலிஷ் என்பது வெறும் உலோகத்துக்கு உண்டான மருந்து. கிளியர் கோட் இருக்கிற வீலுக்கு அதைப் போட்டா, ஜுரம் இல்லாதவனுக்கு ஊசி போட்ட கதைதான். மங்கிப் போகும், திட்டுத் திட்டாகும்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு. வீலோட உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துல, வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்துத் தேயுங்க. அழுக்கை முன்னாடியே கழுவியிருக்கணும். துணி கறுப்பானா அது வெறும் அலுமினியம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, தேய்ஞ்சு வந்த உலோகம். துணி கறுக்கலைன்னா மேல பூச்சு இருக்கு. அப்போ டிரில்லை உள்ளே வெச்சிடுங்க. ஷாம்பூ, தண்ணி, கொஞ்சம் வேக்ஸ் போதும்.

பாதி வீல்களுக்கு இந்த ஒரு சோதனையிலேயே மெஷின் தேவைப்படாமல் போயிடும். எடுக்காத மெஷின் யாரையும் காயப்படுத்தாது.

*2. டிரில்லா, கட்டிங் மெஷினா?*

இதுதான் முக்கியமான இடம். கவனமா படிங்க.

கடையில விக்கிற பாலிஷ் செட்டுல பந்து மாதிரி பஞ்சு, கூம்பு மாதிரி பஞ்சு, வட்டமான துணி பஃப், கூடவே டிரில்லில் மாட்ட ஒரு கம்பி எல்லாம் இருக்கும். அந்தக் கம்பியைக் கழட்டிட்டா, சில வட்டப் பஞ்சுகள் ஆங்கிள் கிரைண்டரிலும் அப்படியே முறுக்கி ஏறிடும். பட்டறையில கட்டிங் மெஷின்னு சொல்வாங்களே, அதேதான். "டிரில்லு மெதுவா சுத்துது, இதுல மாட்டினா சட்டுன்னு முடிஞ்சிடும்" என்று மாட்டிடறாங்க.

கணக்கைப் பாருங்க.

சாதாரண கை டிரில் முழு வேகத்துல நிமிடத்துக்கு சுமார் 2,800 சுற்று. சின்ன கட்டிங் மெஷின் சுமார் 11,000 சுற்று. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள பஞ்சை மாட்டினா, அதோட ஓரம் டிரில்லில் மணிக்கு சுமார் 53 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். கட்டிங் மெஷினில் அதே ஓரம் மணிக்கு சுமார் 207 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். அதுல இருந்து தெறிக்கிற எதுவும் ஏறக்குறைய அந்த வேகத்துலதான் கிளம்பும்.

வேகம் 4 மடங்கு கூடினா அடியும் 4 மடங்குதான்னு நினைக்காதீங்க. தெறிக்கிற துகளோட ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதாவது சுமார் 15 மடங்கு.

பஞ்சுக்கும் ஒரு தாங்கும் வேகம் உண்டு. பொட்டலத்து மேல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அதைத் தாண்டினா பஞ்சு பிய்ஞ்சு பறக்கும், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தட்டும் பறக்கும்.

பாலிஷுக்கு இவ்வளவு வேகம் தேவையும் இல்லை. 1,000 சுற்று பக்கம் மெதுவா ஓட்டினா பாலிஷ் காயாம வேலை செய்யும். வேகமா ஓட்டினா பேஸ்ட் காஞ்சு, சூடேறி, கோடு விழும். கண்ணுக்கு ஆகாத வேகம் வீலுக்கும் ஆகாது.

இதைவிட மோசமானது கம்பி பிரஷ். "கறை போகல"ன்னு டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டறாங்க. அலுமினியம் மெத்துனு இருக்கிற உலோகம். இரும்புக் கம்பி பட்டா கீறல்தான் மிஞ்சும். ஓடும்போது அந்தக் கம்பி இழைகள் உடைஞ்சு ஊசி மாதிரி பறக்கும். மெல்லிய இரும்பு ஊசி கண்ணை நோக்கிப் பறக்கிறதுன்னா என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை.

*3. கண்ணுக்குள்ள என்ன நடக்குது?*

கண்ணோட முன்பக்கக் கண்ணாடியைத்தான் நாங்க கார்னியான்னு சொல்றோம். நடுவுல அதோட தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உங்க கார் கண்ணாடிக்கு இருக்கிற பாதுகாப்பு எதுவும் அதுக்கு இல்லை.

வீல் பாலிஷ் பண்ணும்போது பறக்கிறது மூணு வகை. பாலிஷ் பேஸ்ட், வீல்ல ஒட்டியிருக்கிற பிரேக் தூள், கம்பித் துண்டு.

பேஸ்ட் பட்டா எரியும், சிவக்கும். உடனே கழுவினா பெரும்பாலும் சரியாயிடும்.

பிரேக் தூள்ல இரும்பு இருக்கு. இரும்புத் துகள் கார்னியாவுல ஒட்டினா, கண்ணீர்ல நனைஞ்சு சில மணி நேரத்துலயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். துகளை எடுத்த பிறகும் அதைச் சுத்தி ஒரு துரு வளையம் நிற்கும். மத்தியானம் பட்டது ராத்திரி ஏன் உயிரை எடுக்குதுன்னா, வீக்கம் அப்போதான் கூடுது. ஒவ்வொரு தடவை இமை மூடும்போதும் அந்தத் துகள் மேல உரசுது.

மூணாவது வகைதான் எங்களுக்கு பயம். வேகமா வர்ற மெல்லிய கம்பித் துண்டு கண்ணைத் துளைச்சு உள்ளேயே போயிடலாம். வேடிக்கை என்னன்னா, வலி அதிகம் இல்லாமலும் இருக்கலாம். வெளியே பார்த்தா சின்னச் சிவப்புதான் தெரியும். இரும்பு உள்ளேயே தங்கிட்டா மாசக்கணக்குல கரைஞ்சு விழித்திரையைக் கெடுக்கும். பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும்.

அதனால "ஏதோ பட்டுச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "டிரில்லில் கம்பி பிரஷ் ஓட்டும்போது பட்டுச்சு" என்று முழுசா சொல்லுங்க. அந்த ஒரு வரியில் எங்க சிகிச்சையோட பாதையே மாறும். எக்ஸ்ரே, சிடி எடுக்கணுமா என்று முடிவு பண்றது அந்த வரிதான். பிற்காலத்துல வேற எந்த நோய்க்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும், கண்ணுல உலோகம் பட்ட கதையைச் சொல்லிட்டு அப்புறம் படுங்க. உள்ளே இரும்பு இருந்தா அந்தக் காந்தம் அதை நகர்த்திடும்.

*4. பட்டதும் நம்மாட்கள் செய்றது*

கர்ச்சீப் நுனியை முறுக்கி எடுக்கிறது. தீக்குச்சி முனையில் எடுக்கிறது. நாக்கால எடுக்கிறது. தாய்ப்பால் விடறது. விளக்கெண்ணெய் விடறது. இதெல்லாம் போக, மெடிக்கல் ஷாப்ல போய் "கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று வாங்கி ஊத்திக்கிறது.

ஒவ்வொண்ணும் ஆபத்து. கடைசியா சொன்னது ரொம்ப ஆபத்து.

அப்படிக் கிடைக்கிற சில சொட்டு மருந்துகள்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு குறையும், "அட, சரியாயிடுச்சே" என்று தோணும். கார்னியாவுல புண் இருந்து, அதுல பூஞ்சைக் கிருமி ஏறியிருந்தா, அந்த ஸ்டீராய்டு பூஞ்சைக்கு விருந்து வெச்ச மாதிரி. தென்னிந்தியாவில் பூஞ்சையால வர்ற கார்னியா புண் அபூர்வமானது இல்லை. சிவப்பு குறையுதுன்னு ஒரு வாரம் ஓட்டிட்டு வந்தா, பல நேரம் கருவிழியில் வெள்ளைத் தழும்புதான் மிஞ்சும்.

*5. பட்டுட்டா என்ன செய்யணும்?*

# தேய்க்காதீங்க. இதான் முதல் விதி.

# தூசியோ பேஸ்ட்டோ விழுந்திருந்தா, கையைக் கழுவிட்டு சுத்தமான தண்ணியில 15 நிமிடம் கண்ணைத் திறந்து வெச்சு கழுவுங்க. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழட்டிடுங்க.

# கழுவின பிறகும் உறுத்தல் இருந்தா, அல்லது கருவிழி மேல ஏதாவது ஒட்டியிருக்கிறது தெரிஞ்சா, நீங்களா எடுக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி வாங்க. என்னை மாதிரி எம்பிபிஎஸ் டாக்டர் பார்த்து, கழுவி, கண் மருத்துவரிடம் அனுப்புவோம். அவங்க மரத்துப்போற மருந்து விட்டு, ஸ்லிட் லேம்ப்ல பார்த்து எடுப்பாங்க.

# வேகமா ஏதோ குத்தின மாதிரி இருந்தா, பார்வை மங்கினா, பாப்பா கோணலா தெரிஞ்சா, ரத்தமோ நீரோ கசிஞ்சா கழுவாதீங்க, அழுத்தாதீங்க, எதையும் பிடுங்காதீங்க. பேப்பர் கப் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாத மாதிரி மேல வெச்சு ஒட்டிட்டு, நேரா கண் அறுவை சிகிச்சை வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. வழியில டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

# தடுப்பூசி போட்ட விவரம் தெரிஞ்சா சொல்லுங்க. டெட்டனஸ் ஊசி தேவையான்னு முடிவு பண்ண உதவும்.

*6. கண்ணோட நிக்கல*

மின்சாரம்: வாட்டர் சர்வீஸ் தரை எப்பவும் ஈரம். அந்த ஈரத்துல வெறுங்காலோட, ஒட்டுப் போட்ட ஒயர் டிரில்லைப் பிடிக்கிறது எமனுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற மாதிரி. ஈரமான இடத்துல பேட்டரி டிரில் நல்லது. ஒயர் டிரில்தான்னா காஞ்ச தரை, செருப்பு, எர்த் உள்ள பிளக், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே கட் ஆகுற ஆர்சிசிபி இதெல்லாம் வேணும்.

கை: வீல் கம்பிகளுக்கு நடுவுல பஞ்சு சிக்கினா டிரில் ஒரே சுழற்று சுழற்றும். மணிக்கட்டு பிசகும். ரெண்டு கையாலயும் பிடிங்க. சுவிட்சை லாக் பண்ணி ஓட்டாதீங்க. துணிக் கையுறை, தோள்ல துண்டு, கையில தொங்குற கயிறு இதெல்லாம் சுத்தி இழுத்துடும். கையுறை வேணும்னா சிக்கினா கிழிஞ்சுடுற மெல்லிய நைட்ரைல் போதும்.

ஓடும் வீல்: வண்டியை ஜாக்கி வெச்சுத் தூக்கி, கியரைப் போட்டு, வீலைச் சுத்தவிட்டு பாலிஷ் காட்டுறது ஒரு குறுக்கு வழி. தயவுசெய்து வேண்டாம். பைக் செயினை ஓடவிட்டுத் துடைச்சு விரலை இழந்தவங்களை எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஓடுற எதையும் துணியால தொடாதீங்க.

பிரேக்: வீலைக் கழட்டித் தனியா வெச்சு பாலிஷ் பண்ணுங்க. பாலிஷ்ல எண்ணெய், மெழுகு இருக்கும். அது டிஸ்க் மேல தெறிச்சா பிரேக் பிடிக்காது. கழட்டின வண்டி ஜாக்கியை மட்டும் நம்பி நிக்கக் கூடாது, கீழே ஸ்டாண்டு வேணும். திரும்ப மாட்டும்போது நட்டை ஒழுங்கா முறுக்கணும்.

தூசி: பிரேக் தூளைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய பிரேக் பேடுகள்ல அஸ்பெஸ்டாஸ் இருந்தது. எதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணி ஊத்திக் கழுவுங்க, அப்புறம் மெஷினை எடுங்க. பாலிஷ் பண்ணும்போது மாஸ்க் போடுங்க.

ஆசிட்: "முதல்ல ஆசிட்ல ஒரு வாஷ்" என்கிறாங்க. வீல் கழுவுற சில திரவங்கள்ல ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதே வேலையைச் செய்ற உப்போ இருக்கும். அது பட்டதும் வலிக்காம இருக்கலாம். சில மணி நேரம் கழிச்சு எலும்பே எரியிற மாதிரி வலிக்கும். அது உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அதிகமா பட்டா இதயத் துடிப்பே தடுமாறும். இதுக்கு கால்சியம் குளுகோனேட் என்று தனி சிகிச்சை உண்டு. உடனே நிறைய தண்ணியில கழுவிட்டு, அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டு வாங்க. லேபிள் இல்லாத கேன்ல வர்ற எதையும் வாங்காதீங்க.

*7. இப்போ அந்தக் கண்ணாடி*

"நான்தான் பவர் கிளாஸ் போட்டிருக்கேனே டாக்டர்." போதாது. பக்கவாட்டு முழுக்கத் திறந்து கிடக்கு. அது அடி தாங்கவும் செய்யப்பட்டது இல்லை.

கூலிங் கிளாஸ்? அதுவும் இல்லை.

பக்கமும் மூடின, அடி தாங்குற பாதுகாப்புக் கண்ணாடி வேணும். ஃபிரேமில் இஎன் 166 அல்லது இசட் 87 என்று தர முத்திரை இருக்கும். பவர் கிளாஸ் மேலேயே போடுற மாதிரியும் கிடைக்குது. சில நூறு ரூபாய்க்குள்ள நல்லதே வாங்கலாம். நாலு வீல் பாலிஷ் பண்ண வாங்குற கூலியோட ஒப்பிட்டா இது காசே இல்லை.

*8. அஜாக்கிரதையா?*

இந்த மாதிரி காயம் நடந்ததும் எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை "அஜாக்கிரதை". "பையன் அஜாக்கிரதையா இருந்துட்டான்."

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கறதில்லை.

கடையில கண்ணாடியே இல்லைன்னா, பையன் எதைப் போட்டு ஜாக்கிரதையா இருப்பான்? "சீக்கிரம் முடிடா, அடுத்த வண்டி நிக்குது" என்று குரல் வந்தா, அவன் டிரில்லை விட்டுட்டு கட்டிங் மெஷினைத்தான் எடுப்பான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவனுக்கு ஷாம்பூ எங்க இருக்குன்னு காட்டினவர், பஞ்சு எவ்வளவு வேகம் தாங்கும்னு காட்டினாரா?

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்கலாம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்துல 35ஆம் பிரிவு முழுக்க முழுக்கக் கண் பாதுகாப்புக்காகவே எழுதினது. துகள் தெறிக்கிற வேலைக்குக் கண்ணாடியோ தடுப்போ கொடுக்கணும் என்பதுதான் அதோட சாரமா இருந்தது. ஆனா அந்தச் சட்டத்துல தொழிற்சாலைன்னா, மின்சாரம் வெச்சு 10 பேராவது வேலை செய்ற இடம் என்று இருந்தது. 2020ல் வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியிருக்கு. நம்ம தெருமுனை சர்வீஸ் கடையில மூணு பேர், நாலு பேர். எண்ணிக்கை குறைவு. அதுக்காக அவங்க கண்ணோட மதிப்பு குறைவா?

சட்டம் எட்டாத இடத்துல நாமதான் நிக்கணும். நான் கேட்கிறது மூணே விஷயம்.

கடை முதலாளி அண்ணன்களுக்கு: மெஷின் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு, அதுல கண்ணாடியை மாட்டுங்க. "கண்ணாடி போடாம சுவிட்ச் போடக்கூடாது" என்று கடைக்கு ஒரு சட்டம் நீங்களே போடுங்க. கீறல் விழுந்தா புதுசு வாங்கிக் கொடுங்க. மங்கின கண்ணாடியை யாரும் போட மாட்டாங்க.

பாலிஷ் செட் விக்கிறவங்களுக்கும், செய்முறை வீடியோ போடுற தம்பிகளுக்கும்: செட்டோடவே ஒரு கண்ணாடி வெச்சு வில்லுங்க. வீடியோவில் நீங்க கண்ணாடி போட்டு ஓட்டினா, பார்க்கிறவனும் போடுவான். நீங்க வெறும் கண்ணோட ஓட்டினா அவனும் அப்படித்தான்.

வண்டி ஓனர்களுக்கு, அதாவது நமக்கு: நாம முன்னாடி நிக்கும்போதுதான் அவங்க வேலை செய்றாங்க. "தம்பி, கண்ணாடி போட்டுட்டு ஆரம்பிப்பா, நான் வெயிட் பண்றேன்." இந்த ஒரு வரியைச் சொல்ல நமக்கு என்ன செலவு? அஞ்சு நிமிஷம். சொல்லலாம்ல?

ஆயுத பூஜை வந்தா இந்த டிரில் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். அதுக்கு முந்தின வாரம்தான் சர்வீஸ் கடைகள்ல கூட்டம் அலைமோதும். அவசரம் அதிகம் ஆகுற வாரமும் அதுதான். இந்த வருஷம் பூஜைக்கு முன்னாடியே ஒரு கண்ணாடி வாங்கிடுங்க. மெஷின் பக்கத்துல அதையும் வெச்சு ஒரு பொட்டு வைங்க.

வீல்ல கீறல் விழுந்தா மறுபடி பாலிஷ் போட்டுக்கலாம். கருவிழித் தழும்பைத் தேய்ச்சு எடுக்க எந்தப் பஞ்சும் இல்லை.

தெரிஞ்ச சர்வீஸ் கடைக்காரர் யாராவது இருந்தா, அவருக்கு இந்தப் பதிவை அனுப்பிடுங்க.


அரசு மருத்துவமனை மருத்துவர், எம்பிபிஎஸ்